மிச்சம் நிற்கும் இனிப்பு

ஒரே பனைமரம், ஒரே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடியற்காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். பதநீரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுக்கலாம். கள்ளை இறக்கினால் தமிழ்நாட்டில் 1987 முதல் வழக்குப் போடுவார்கள். மரத்துக்கு இரண்டு விதமாகச் சுரக்கத் தெரியாது. அப்படியானால் இந்த இரண்டையும் பிரித்துவைப்பது எது?

இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுகிறவர்கள் ஜாடியில் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது ஜார்ஜியா. மருத்துவம் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளால் அந்த நாட்டின் பெயர் இன்று நம் சிற்றூர்களிலும் புழங்குகிறது. அங்கே கிண்ட்ஸ்மராவுலி என்றும் ஹ்வாஞ்ச்காரா என்றும் இரண்டு சிவப்பு ஒயின்கள் உண்டு. வெளியிலிருந்து ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூடச் சேர்ப்பதில்லை, ஆனாலும் இனிக்கும். கிண்ட்ஸ்மராவுலிக்கு எடுக்கும் அதே சாபெராவி திராட்சையில் அதே வட்டாரத்தில் செய்யும் வேறு ஒயின்களில் இனிப்பு துளியும் இருக்காது. பழம் ஒன்றுதான். ஒன்று ஏன் இனிக்கிறது, மற்றது ஏன் இனிக்கவில்லை?

பனங்கலயத்துக்கும் ஜார்ஜியாவின் மண்தாழிக்கும் ஒரே விடைதான். உள்ளே ஓர் உயிர் வேலை செய்கிறது. அந்த வேலையை எப்போது, எதைக்கொண்டு நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனிப்பைத் தின்னும் உயிர்

அந்த உயிரின் பெயர் ஈஸ்ட். பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர். கண்ணுக்குத் தெரியாது. பழத்தோலில், பாளை நுனியில், நேற்றைய கலயத்தின் அடிமண்டியில், குளவியின் வயிற்றில்கூட இருக்கும். 1680-இல் லேவன்ஹூக் என்ற டச்சு வணிகர் தாமே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக பீரில் இந்த உருண்டைகளைப் பார்த்தார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தெரியாது. 1837-இல் தியோடர் ஷ்வான் முதலான சிலர் ‘இது வளர்கிறது, பெருகுகிறது, உயிர்தான்’ என்று சொன்னபோது அன்றைய பெரிய வேதியியலாளர்கள் சிரித்தார்கள். லூயி பாஸ்டர் 1850-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் சோதித்து நிறுவிய பிறகே அந்தச் சிரிப்பு அடங்கியது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் நம்மைப்போலவே அதை முழுக்க எரித்துத் தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். இனிப்பு நிறைந்த சாற்றில் அந்த நிதானம் அதற்கு இருப்பதில்லை. சர்க்கரையைப் பாதியில் உடைத்து, கிடைத்த கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்படுபவை இரண்டு. ஒன்று கரியமில வாயு. கள்ளின் நுரை அதுதான். மற்றொன்று எத்தனால் என்னும் ஆல்கஹால். இதை நொதித்தல் என்கிறோம். போதை தருவதற்காக ஈஸ்ட் ஆல்கஹாலைச் செய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது ஒவ்வாது. ஈஸ்ட்டால் ஓரளவு தாங்க முடியும். போட்டியாளரை விரட்டிவிட்டு இனிப்பைத் தான் மட்டும் தின்பதற்கு அது ஒரு வழி.

ஆகவே ஓர் இனிப்புச் சாறு ஈஸ்ட்டிடம் மாட்டினால் கடைசிச் சர்க்கரை தீரும்வரை வேலை நடக்கும். ஒயினில் இனிப்பு இல்லாமல் போவதுதான் இயல்பு. இருந்தால்தான் அதற்குக் காரணம் தேட வேண்டும். அப்படித் தப்பிப் பிழைக்கும் சர்க்கரையை இந்த அத்தியாயம் முழுக்க ‘எஞ்சிய சர்க்கரை’ என்று அழைப்போம்.

வெயில் விடாத வேலை

கள்ளக்குறிச்சி மாவட்டம் இனிப்பின் மாவட்டம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோதே இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளோடு பிரிந்தது: ஒன்று மூங்கில்துறைப்பட்டில், மற்றொன்று கல்வராயன் மலையடியில் கச்சிராயபாளையத்தில். வெட்டுப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை நீண்டால் விவசாயிக்கு வயிறு எரிவதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறைகிறது. அது மட்டுமல்ல, வெட்டுவாய் வழியாக நுண்ணுயிர்கள் உள்ளே புகுந்து சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஆலைக்காரர்கள் அவசரப்படுவது இதனால்தான்.

பொதுவாக ஈஸ்ட்டுக்குப் பிடித்த வெப்பம் 28 முதல் 32 டிகிரி. நம் ஊரில் நிழலில் வைத்த குடத்துத் தண்ணீரின் வெப்பமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பதநீரில் 10 முதல் 12 சதவீதம் வரை சர்க்கரை இருக்கும். சுண்ணாம்பில்லாத கலயத்தில் அது மரத்திலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும். கீழே இறக்கும்போதே கொஞ்சம் ஆல்கஹால் ஏறியிருக்கும். சில மணி நேரத்தில் 4, 5 சதவீதத்தை எட்டும். அதற்கு மேலும் வைத்திருந்தால் வேறொரு கூட்டம் வந்து உட்காரும். அவை ஆல்கஹாலைக் காற்றோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகராக மாற்றும் பாக்டீரியாக்கள். பனங்காடி என்பது இதுதான்.

வெப்பம் ஏறினால் வேலை வேகமாகும் என்பது ஓர் எல்லை வரைக்கும்தான். 35 டிகிரியைத் தாண்டினால் பல ஈஸ்ட்டுகள் தளரும். 40-ஐ ஒட்டினால் பலவும் நின்றுபோகும். நொதித்தல் தன்னளவிலேயே சூட்டைக் கிளப்பும் வேலை. சித்திரை வெயிலில், மூடிய பெரிய பாத்திரத்தில், ஈஸ்ட் தான் கிளப்பிய சூட்டில் தானே வெந்துபோவதும் உண்டு. ‘அப்போதும் சர்க்கரை மிஞ்சுமே, அது இனிப்பு ஒயின் ஆகாதா?’ என்று கேட்கலாம். ஆகாது. ஈஸ்ட் விட்டுச்சென்ற சர்க்கரையை அந்தச் சூடு பிடித்த பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். வாயில் வைக்க முடியாத ஒரு புளிப்புதான் மிஞ்சும். சூட்டினால் நின்ற வேலையில் இனிப்பு பத்திரமாக இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல பழம். ஆனால் அந்தச் சாற்றை அதன் போக்கில் விட்டால் நம் தட்பவெப்பத்தில் இனிப்பு நிற்காது என்பதற்கு இதுதான் காரணம்.

சுண்ணாம்பு, கொதி, தேன்

நிறுத்த முடியாத ஊரில் நம்மவர்கள் தொடங்கவே விடாமல் தடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பனையேறி கலயத்தில் தடவும் சுண்ணாம்பை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். ஈஸ்ட்டுக்கு லேசான புளிப்புள்ள சூழல்தான் இதம். சுண்ணாம்பு அதை நேரெதிராக, காரத்தன்மைக்குத் திருப்பிவிடுகிறது. அதில் ஈஸ்ட்டால் தன் செல்லுக்குள் இருக்கும் சமநிலையைக் காத்துக்கொள்ள முடிவதில்லை, பாக்டீரியாக்களும் ஒடுங்கிவிடுகின்றன. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் உச்சிவெயிலில் பொங்கும். மிகுந்தால் நாக்கைப் பிடுங்கும். எவ்வளவு தடவ வேண்டும் என்பது பனையேறியின் விரலுக்குத் தெரியும். சர்க்கரை ஆலையிலும் பிழிந்த சாற்றில் சுண்ணாம்புப் பால் ஊற்றுகிறார்கள். அழுக்கைப் படியவைக்கவும், சாற்றில் உள்ள சர்க்கரை புளிப்பில் உடைந்துபோகாமல் காக்கவும் அது உதவுகிறது. கலயத்தில் நடப்பதும் கச்சிராயபாளையத்துத் தொட்டியில் நடப்பதும் உறவுக்காரச் செயல்கள்.

இரண்டாவது வழி கொதி. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினாலும் தண்ணீர் போய்விடுகிறது. தண்ணீர் இல்லாத சர்க்கரை ஈஸ்ட்டுக்குப் பயன்படாது. மிகக் கெட்டியான பாகில் விழுந்த ஈஸ்ட்டின் உடலிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு அது சுருங்கிப்போகும்.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் எடுத்துவரும் தேன் இதற்கு இயற்கையே தந்த சான்று. தேனில் எண்பது சதவீதம் சர்க்கரை. ஈஸ்ட்டும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீர் 18 சதவீதத்துக்குள் இருக்கும்வரை அது தூங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் எடுத்த, அடை மூடாத நீர்த்த தேன் பாட்டிலுக்குள் நுரைத்து மூடியைத் தள்ளினால் உடனே கலப்படம் என்று விற்றவரைத் திட்டாதீர்கள். தண்ணீர் சற்றுக் கூடியதால் ஈஸ்ட் விழித்துக்கொண்டது என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்த மூன்றிலும் ஒரு குணம் பொது. ஈஸ்ட்டை வேலைக்கே விடுவதில்லை. ஆகவே ஆல்கஹாலும் இல்லை. பாதி தூரம் விட்டு, பிறகு நிறுத்துவது வேறு வித்தை. அதற்குக் குளிர் வேண்டும்.

ஒரு லிட்டர் சாற்றின் கதை

ஜார்ஜியாவில் ஒயின் செய்வது ஏறக்குறைய 8000 ஆண்டுப் பழக்கம். தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சம் இருப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஓட்டில் அவர்கள் தேடியது முக்கியமாக டார்டாரிக் அமிலத்தை. இந்த அமிலம் நமக்கு அந்நியமல்ல. கல்வராயன் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் புளியின் புளிப்புக்கும் முதன்மைக் காரணம் அதே டார்டாரிக் அமிலம்தான்.

அந்த நாட்டில் சாற்றை ஊற்றிவைப்பது குவெவ்ரி எனப்படும் பெரிய சுட்டமண் தாழியில். உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். அந்தச் செய்முறையை யுனெஸ்கோ 2013-இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி ஒரு லிட்டர் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பின்தொடர்வோம். ககேதி மாநிலத்தில், அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கில், க்வரேலி பக்கத்துத் தோட்டம். பழம் சாபெராவி. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிதுக்கினால் சாறு வெளுத்துத்தான் வரும். நிறம் தோலில் மட்டுமே இருக்கும். சாபெராவியின் சதையே சிவப்பு. அறுவடையை இலையுதிர்காலம் வரை தள்ளிப்போட்டு, நன்றாகப் பழுத்த பிறகே பறிக்கிறார்கள். நம் ஒரு லிட்டரில் 230 கிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒயின் செய்கிறவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். 230 கிராமும் தீர்ந்தால் 13.5 சதவீதம். அது இனிப்பே இல்லாத, முறைப்பான சிவப்பு ஒயின். ஈஸ்ட் சாதாரணமாக 14, 15 சதவீதம் வரை ஆல்கஹாலைத் தாங்கும். ஆகவே விட்டுவிட்டால் முழுக்கத் தின்றே தீரும்.

முதல் நாட்களில் தாழி கொந்தளிக்கிறது. தோல்கள் வாயுவோடு மேலே ஏறிக் கெட்டித் தொப்பிபோல மிதக்கும். ஒரு நாளைக்குப் பலமுறை அவற்றைக் கீழே அமுக்கிவிட வேண்டும். ஆல்கஹால் 11 சதவீதத்தை எட்டும்போது 187 கிராம் சர்க்கரை தீர்ந்திருக்கும். எடையில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகிப் போயிருக்கும்: ஒரே ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 45 லிட்டருக்கும் மேலான வாயு! எங்கும் வெளியேறாமல் சூடு உள்ளேயே தங்கினால் சாற்றின் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் ஏறியிருக்கும். தாழியைச் சுற்றியுள்ள ஈரமண் அந்தச் சூட்டை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. புதைத்துவைப்பதன் பயன் இது.

இப்போது மிச்சம் 43 கிராம். ஜார்ஜிய அரை இனிப்பு ஒயின்களில் எஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை இருக்கும். நம் சாறு அதற்கு நடுவில் நிற்கிறது. இந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். பழைய நாளில் நிறுத்தியது குளிர்காலம். குறிப்பாக ராச்சா என்னும் மலைநாட்டில், ஹ்வாஞ்ச்காரா பிறந்த இடத்தில், குளிர் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிடும். அங்கே அலெக்சாந்த்ரோவுலி, முஜுரெதுலி என்ற இரண்டு திராட்சைகளைச் சேர்த்துச் செய்வார்கள். சாற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஈஸ்ட் தளரும். இன்னும் இறங்கினால் அடிமண்டியில் படுத்துவிடும். சாகாது, உறங்கும். பாக்டீரியாக்களும் அதே குளிரில் ஒடுங்கிக் கிடப்பதால் மிஞ்சிய சர்க்கரை கெடாமல் நிற்கிறது. சூட்டில் நின்ற வேலைக்கும் குளிரில் நின்ற வேலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உறங்கிய ஈஸ்ட் வசந்தத்தில் எழுந்துகொள்ளும் என்பதுதான் பழைய முறையின் சிக்கல். அதற்குள் குடித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. தூர ஊருக்கு அனுப்ப முடியாது. இன்று ஆலைகளில் இயற்கைக் குளிருக்காகக் காத்திருப்பதில்லை. எஃகுத் தொட்டியின் வெப்பத்தைச் சரியான நேரத்தில் உறைநிலையை ஒட்டி இறக்கி, ஈஸ்ட்டை மிக நுண்ணிய வடிகட்டியால் பிரித்தெடுத்துவிட்டுப் பாட்டிலில் அடைக்கிறார்கள். மலைக்காற்று செய்ததை இப்போது இயந்திரம் செய்கிறது. இதை ‘இயற்கையான’ இனிப்பு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கருத்து; நிறுத்தியது இயந்திரமானாலும் மிஞ்சிய சர்க்கரை கொடியில் விளைந்ததுதான்.

கல்வராயனில் முடியுமா?

ராச்சாவின் தலைநகரான அம்ப்ரொலாவுரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்வராயன் மலைமேல் பல ஊர்கள் அதைவிட உயரத்தில், 600 முதல் 900 மீட்டர் வரை உள்ளவை. உயரம் மட்டும் போதுமென்றால் அங்குள்ள வெள்ளிமலையிலும் அரை இனிப்பு ஒயின் தானாகவே விளைய வேண்டும்.

உயரம் போதாது. அம்ப்ரொலாவுரி நிலநடுக்கோட்டிலிருந்து 42 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது. கல்வராயன் 12 பாகையை ஒட்டி. ஜனவரியில் ராச்சாவின் சராசரி வெப்பம் உறைநிலையை ஒட்டி நிற்கும், அதுவும் வாரக்கணக்கில். கல்வராயனில் மார்கழி இரவுக்குக் கம்பளி வேண்டும்தான். ஆனால் விடிந்து வெயில் ஏறினால் ஈஸ்ட்டுக்கு இதமான பகல் வந்துவிடும். இரவில் கண்ணயர்ந்து பகலில் எழுந்து வேலைக்குப் போகும் ஈஸ்ட் சர்க்கரையை மிச்சம் வைக்காது. இந்த மலைக்கு வாய்த்தது தேனும் புளியும் கடுக்காயும் சாமையும்.

நாக்கில் நடப்பது

லிட்டருக்கு 43 கிராம் என்பது கரும்புச்சாற்றோடு ஒப்பிட்டால் சொற்பம். கரும்புச்சாற்றில் 150 கிராம் வரை இருக்கும். பாட்டில் கோலாக்களில் 100 கிராமை ஒட்டி. ஆனாலும் குடிப்பவருக்கு இந்த ஒயின் தெளிவாக இனிக்கிறது. இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது.

பழுத்த திராட்சையில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கும். ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ்தான் முதல் பந்தி. அதை வேகமாகவும் பிரக்டோஸை மெதுவாகவும் தின்னும். ஆகவே பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவதில் பெரும்பகுதி பிரக்டோஸ். இரண்டில் நாக்குக்கு அதிகம் இனிப்பது பிரக்டோஸ்தான். இன்னொன்றும் உண்டு: குளிரக் குளிர பிரக்டோஸ் மூலக்கூறு தன் வடிவத்தில் லேசாக மாறி, மேலும் இனிப்பாகும். கிண்ட்ஸ்மராவுலியை 12 டிகிரி அளவில் குளிரவைத்துக் கொடுப்பது வெறும் சம்பிரதாயமல்ல.

அந்த இனிப்பு திகட்டாமல் இருப்பதற்குச் சாபெராவியின் மற்ற குணங்கள் காரணம். புளிப்பு மிகுந்த பழம் அது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் நிறைய இறங்குகிறது. கடுக்காயை மென்றால் வாய் இழுத்துக்கொள்கிறதே, அதைச் செய்வதும் டானின் வகைதான். எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வழவழப்பை எடுத்துவிடும். புளிக்குழம்பில் கடைசியாகப் போடும் ஒரு துண்டு வெல்லம் புளிப்பைக் கொல்லாமல் அதன் முனையை மட்டும் மழுக்குவதுபோல, எஞ்சிய சர்க்கரை இந்தப் புளிப்பையும் துவர்ப்பையும் மழுக்குகிறது. முதல் மிடறில் கருநாவல் நிறத்தில் ஓர் இனிப்பு. விழுங்கியபின் நாக்கோரத்தில் புளிப்பு. கடைசியாக ஈறில் லேசான துவர்ப்பு. காரமான கறியோடும் உப்பு ஏறிய பாலாடைக்கட்டியோடும் அந்த ஊர்க்காரர்கள் இதைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. எரியும் நாக்கை ஆல்கஹால் மேலும் எரிக்கும், சர்க்கரை ஆற்றும். இந்த ஒயினில் ஆல்கஹால் சற்றுக் குறைவு, சர்க்கரை சற்று மிகுதி.

பேர்பெற்ற சரக்குக்குப் போலிகளும் இருக்கும். மலிவான சிவப்பு ஒயினில் சர்க்கரை கரைத்து இந்தப் பெயர்களில் விற்பது நடந்திருக்கிறது. அதை ஆய்வகத்தில் கண்டுபிடிக்க இரண்டு வழி. முதல் வழி நாம் இப்போது பார்த்ததே. கரைத்த சர்க்கரை ஒயினின் புளிப்பில் குளுக்கோஸும் பிரக்டோஸுமாகச் சரிபாதி உடையும். உண்மையான எஞ்சிய சர்க்கரையிலோ பிரக்டோஸ் ஓங்கியிருக்கும். இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தமானது. காற்றிலுள்ள கார்பனில் மிகச் சிறு பங்கு சற்றுக் கனமான வகை. கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை திராட்சையின் முறையிலிருந்து வேறுபட்டது. கரும்பின் சர்க்கரையில் இந்தக் கனமான கார்பன் திராட்சைச் சர்க்கரையில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூங்கில்துறைப்பட்டு ஆலையின் சர்க்கரையை எந்த நாட்டு ஒயினில் கரைத்தாலும், தான் கரும்பில் பிறந்தவன் என்று அது சாட்சி சொல்லிவிடும்.

ஈஸ்ட் செய்யாத கொலை

கள்ளக்குறிச்சியின் பெயரை எழுதி, நொதித்தலையும் எழுதிவிட்டு, 2024 ஜூனைத் தாண்டிப் போக முடியாது. அந்த மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் பாடை கட்டிய தெரு அது. அப்போது பலரும் சொன்ன காரணம் ஒன்று காதில் விழுந்துகொண்டே இருந்தது: ‘ஊறல் அளவுக்கு மீறிப் புளித்து விஷமாகிவிட்டது.’

அது சரியல்ல. அவர்களைக் கொன்றது மெத்தனால். எத்தனாலுக்குச் சகோதரன்போல இருக்கும் இன்னோர் ஆல்கஹால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுவது. பார்வைக்கும் மணத்துக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. ஈஸ்ட் சர்க்கரையிலிருந்து மெத்தனாலைச் செய்வதில்லை. பழத்தோலில் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருள் உடையும்போது மிகச் சிறிதளவு மெத்தனால் வருவதுண்டு. சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு 0.2 கிராம் அளவில் இருக்கும். உயிரைப் பறிக்கக்கூடிய 30 மில்லி மெத்தனாலை ஒயின் வழியாகச் சேர்க்க வேண்டுமானால் நூறு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். வெல்லத்தில் பெக்டின் இல்லை என்றே சொல்லலாம். வெல்ல ஊறல் எத்தனை நாள் புளித்தாலும் கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதிலிருந்து வராது. காய்ச்சும் சாராயத்துக்கு இது நற்சான்று அல்ல. அதற்கு வேறு கேடுகள் உண்டு. முறையாகச் செய்த ஒயினிலும் இருப்பது ஆல்கஹால்தான். கேடில்லாத அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆனால் கருணாபுரத்தில் நடந்தது புளிப்பின் வேலை அல்ல. மனிதர் கையால் சேர்ந்த மெத்தனால் அது.

மெத்தனால் உடலில் செய்வது இது. எத்தனாலை உடைக்கும் அதே கல்லீரல் நொதிதான் மெத்தனாலையும் உடைக்கிறது. எத்தனால் கடைசியில் அசிட்டிக் அமிலமாகிறது, அதாவது வினிகரின் புளிப்பு. உடலால் அதைச் சமாளிக்க முடியும். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பின் கடியில் உள்ள அமிலம் அது. செல்கள் மூச்சுக்காற்றைக்கொண்டு ஆற்றல் எடுக்கும் இடத்தை அது அடைத்துவிடுகிறது. ஓயாமல் ஆற்றல் கேட்கும் பார்வை நரம்பு முதலில் சாகிறது. பிழைத்தவர்களிலும் சிலர் கண்ணிழப்பது இதனால்தான்.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். குடித்து 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்வரைகூட வெறும் போதைபோலத்தான் தெரியும். அந்த இடைவெளியில் மருத்துவமனைக்குப் போய்விட்டால் காப்பாற்ற வழி இருக்கிறது: நொதியை அடைத்து மாற்றத்தைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்து, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட், விஷத்தை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் டயாலிசிஸ்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டிலோ தெருவிலோ சாராயம் குடித்த ஒருவர் மறுநாள் ‘கண் மங்குகிறது, எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது, வயிறு பிசைகிறது, மூச்சு வாங்குகிறது’ என்றால் போதை தெளியட்டும் என்று படுக்கவைக்காதீர்கள். மோரும் எலுமிச்சையும் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வழக்குக்குப் பயந்து மறைக்காமல், குடித்தது சாராயம் என்பதையும் எப்போது குடித்தார் என்பதையும் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் நலமாகத் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.